கல் எப்போதும் இடப்பக்கம்

மூன்றாவது முறையும் அந்த இயந்திரம் ரோண்டாவை இழுத்துக்கொண்டு போய்க் கம்பி வேலியில் முட்டி நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் பேஸ்பால் மைதானத்தின் காலி இருக்கைகள் பனி ஈரத்தில் மினுங்கின. காலை ஏழரை மணி. பார்ப்பதற்கு ஆள் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அதையும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. டிரக்கின் பின்பலகையில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்த ரூடி, காபி மூடியைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு, சினிமாவில் முக்கியமான கட்டம் வந்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலியவே வெட்டிடு சமையலம்மா. புல்ல விட அது லேசு," என்றார்.

ஷேன் ஓடி வரவில்லை. அவன் எதற்கும் ஓடுகிறவன் இல்லை. சட்டைப் பையில் கைவிட்டுப் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்து வந்து, எஞ்சினை அணைத்தான்.

"மிஸ் ரோண்டா, விட்டா ஓடும். பிடிச்சா நிக்கும். எல்லாத்தையும் தலைகீழா நெனைச்சுக்குங்க."

"எனக்குத் தெரியுது."

"உங்களுக்குத் தெரியுது. கைக்குத் தெரியல."

அது உண்மைதான். இரண்டு கைப்பிடிகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு லீவர். வலது லீவரை இறுக்கினால் வலது சக்கரம் தயங்கும், இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். இடதும் அப்படியே. இரண்டையும் இறுக்கினால் நின்றுவிடும். இரண்டையும் விட்டால், நாற்பத்தெட்டு அங்குல அகலத்துக்குப் பிளேடுகளை மூடியிருக்கும் அந்த இரும்புத் தட்டு, பின்னால் நடப்பது மனுஷியா மாட்டு வண்டியா என்று பார்க்காமல் கிளம்பிவிடும். சொல்லிக் கேட்டால் குழந்தைக்குக்கூடப் புரியும். ஆனால் ரோண்டாவின் கைகள் இருபத்திரண்டு வருடம் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தின் அடுப்படியில் பழகியவை. சூடு பட்டதும் விட வேண்டும், ஆவி அடித்ததும் விட வேண்டும், தட்டு வழுக்கினால் பிடிக்கப் போகாமல் விட்டுவிட்டுப் பின்னால் நகர வேண்டும். ஆபத்து என்று உடம்பு சொன்ன மறுகணம் அவள் விரல்கள் தாமாக விரிந்தன. விரிய விரிய இயந்திரம் வேகமெடுத்தது.

கைப்பிடிகளின் மேல் இன்னொன்றும் இருந்தது. இரண்டு பக்கத்தையும் இணைத்து ஓடும் ஒரு மெல்லிய இரும்புப் பட்டை. அதன் வலது முனையை எப்போதும் உள்ளங்கையால் அமுக்கியபடியே நடக்க வேண்டும். நடக்கையில் அதை விட்டால் எஞ்சின் செத்துவிடும். வலது பக்கத்தில் அந்தப் பட்டையின் மேல் கருப்பாக, ஒட்டலாக ஏதோ படிந்திருந்தது.

"உங்களுக்கு முன்னால ஓட்டின மெல்வின் டேப் போட்டுக் கட்டி வச்சிருந்தாரு," என்றான் ஷேன். "கை வலிக்குதுன்னு. அவரு போன அன்னிக்கே நான் அறுத்துப் போட்டேன். நீங்க கீழ விழுந்தா இந்த மெஷின நிறுத்துறது இது ஒண்ணுதான். இத யாரு கட்டினாலும் அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். யாரா இருந்தாலும்."

"பாஸ் என்னைய சொல்றான்," என்றார் ரூடி.

"உங்களையுந்தான்."

ஷேனுக்கு முப்பத்தி மூன்று வயது. ஊராட்சியின் புல்வெட்டும் குழுவுக்கு அவன்தான் தலைவன். குழு என்பது அவனும் ரூடியும், இப்போது அவளும். பத்து வயதிலிருந்து அவளிடம் தட்டை நீட்டி வரிசையில் நின்றவன். அந்த ஊரில் முப்பத்தைந்து வயதுக்குக் கீழே இருக்கிற எல்லாருக்கும் அவள் மிஸ் ரோண்டாதான். அந்தப் பெயரை மாற்றிக் கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை. அவளுக்கும் அவன் சொல்வதைக் கேட்டு நிற்கும்போது, கையில் கரண்டி இல்லாதது என்னவோபோல் இருந்தது.

போன ஜூனில் பள்ளியை மூடினார்கள். பிள்ளைகள் பேருந்தில் பக்கத்து ஊருக்குப் போகிறார்கள். அங்கே சாப்பாடு பெட்டியில் வருகிறது, பிரித்துச் சூடாக்க வேண்டியதுதான் பாக்கி. குளிர்காலம் முழுக்க இருந்ததைக் கரைத்து ஓட்டினாள். ஐம்பத்தாறு வயதில், ஏப்ரல் கடைசியில், ஊராட்சி இந்த வேலையைக் கொடுத்தது. முப்பது நாள் பார்ப்பார்கள். ஷேன் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: இவர் இயந்திரத்தைத் தனியாக இயக்கத் தகுதியானவர். கையெழுத்து விழுந்தால் வேலை நிரந்தரம், அதோடு மருத்துவக் காப்பீடு. அந்தக் காப்பீட்டின் மறுமுனையில் அவள் கணவர் வெய்ன் இருந்தார். இரும்பு வார்க்கும் ஆலையில் முப்பது வருடம் விழுங்கிய மணல் தூசியோடு, ஒரு நீளமான ஆக்சிஜன் குழாயின் நுனியில், வரவேற்பறைச் சோபாவில். முப்பதாவது நாள், போரில் செத்த சிப்பாய்களுக்கான நினைவு நாள் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமையில் விழுந்தது. அன்று மாலை நான்கு மணிக்கு அலுவலகம் மூடுவதற்குள் தாள் போய்ச் சேர வேண்டும். அந்தத் தாள் நான்காக மடிந்து ஷேனின் சட்டைப் பையில் முதல் நாளிலிருந்தே இருந்தது. பேனாவைத் தொடும்போதெல்லாம் அவன் அதைத்தான் தொட்டான் என்பது அவளுக்குப் பிறகு புரிந்தது.

இரண்டாவது வாரத்தில் கைகளுக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது. மைதானங்களில் நேராக நடந்தாள். திரும்பி வரும்போது முந்தைய கோட்டின் ஓரத்தில் ஒரு சாண் ஏறி வெட்டினாள். ஒரு நாள் மதியம் திரும்பிப் பார்த்தபோது வெளிறிய பச்சையும் அடர்ந்த பச்சையுமாகப் பட்டைகள் விழுந்திருந்தன. அவற்றில் ஒன்றுகூட நேராக இல்லை என்றாலும், அவை பட்டைகள்தான். அவள் சற்று நேரம் நின்று பார்த்தாள். சமையலில் இப்படி எதுவும் மிஞ்சியதில்லை. பன்னிரண்டரைக்குள் எல்லாம் தின்று தீர்ந்து, ஒரு மணிக்குப் பாத்திரம் கழுவக் கிடக்கும்.

"குடிச்சிட்டு கோடு போட்ட மாதிரி இருக்கு," என்றார் ரூடி.

"நீங்க அந்தக் கோட்டுல நடந்து காட்டுங்க பாப்போம்."

ஆனால் மைதானம் ஒரு பொருட்டே இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவளை எடுத்தது கல்லறைத் தோட்டத்து மேட்டுக்காக. உட்கார்ந்து ஓட்டும் வண்டி அந்தச் சரிவில் குப்புறக் கவிழ்ந்துவிடும். பின்னால் நடந்து போகிற இந்த இயந்திரம் மட்டும்தான் அங்கே ஏறும். பத்தொன்பது வருடம் மெல்வின் ஏறினார். போன அக்டோபரில் முழங்கால் போய், மகள் வீட்டோடு போய்விட்டார். ரூடிக்கு இடுப்பில் இரும்பு வைத்திருக்கிறது. அவர் நைலான் கயிறு சுழலும் கைக்கருவியோடு கற்களின் ஓரங்களை மட்டும் சீவுவார், அதுவும் மெதுவாக, பாட்டுப் பாடிக்கொண்டு.

மேட்டில் மேலும் கீழுமாக வெட்டக் கூடாது, குறுக்காகத்தான் நடக்க வேண்டும். குறுக்கே நடந்தால் இயந்திரம் சும்மா இராது, பள்ளத்துப் பக்கமே சரியப் பார்க்கும். அதனால் மேட்டுப் பக்கத்துக் கை லீவரை எப்போதும் கொஞ்சமே கொஞ்சம் இறுக்கிக்கொண்டு வர வேண்டும். முட்டையை உடையாமல் பிடிக்கிற அளவு. அந்த அளவை விட்டால் சரியும், மிஞ்சினால் மேடேறி முரண்டு பிடிக்கும். அதோடு, வெட்டிய புல்லை இயந்திரம் வலப்பக்க வாயால் கக்கும். செத்தவர்கள் மேல் புல்லைத் துப்பக் கூடாது. ஆகவே கல் எப்போதும் இடப்பக்கம். போகும்போது மேல் வரிசைக் கற்கள் இடப்பக்கம், மேட்டுப் பக்கத்துக் கை இடது கை. திரும்பி வரும்போது கீழ் வரிசைக் கற்கள் இடப்பக்கம், மேட்டுப் பக்கத்துக் கை வலது கை. அவளுக்குப் போவது பிடித்திருந்தது. திரும்பி வருவதுதான் ஆகவில்லை. இருபத்திரண்டு வருடக் கரண்டி அவள் வலது மணிக்கட்டுக்குள் ஏதோ ஒரு நரம்பைத் தின்றுவிட்டிருந்தது. கால் மணி நேரம் எதையாவது அமுக்கிப் பிடித்தால் கட்டை விரலிலிருந்து மூன்று விரல்கள் மரத்துவிடும். பிறகு அது அவள் கையே இல்லை, கடையில் வாங்கி வந்த இறைச்சித் துண்டு. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. இல்லை என்று குறித்திருந்தாள்.

ஷேன் மேட்டில் ஏறிக் கற்றுக்கொடுக்கவில்லை. கீழே டிரக்கின் பக்கத்தில் நின்று கத்தினான். "வலது! வலது கொஞ்சம்! ரொம்ப இறுக்காதீங்க!" எஞ்சின் இரைச்சலில் பாதி கேட்காது. அவள் அணைத்துவிட்டு "என்ன?" என்பாள். அவன் கைகளால் ஏதோ காட்டுவான். மேலே வந்து காட்டு என்று ஒரு நாள் பொறுமை இழந்து கத்தினாள். அவன் கேட்காதவன்போல் குனிந்து டயரைப் பார்த்தான். அன்றைக்கு அவளுக்கு நிஜமாகவே கோபம். மதியச் சாப்பாட்டில் ரூடியிடம் கொட்டினாள். அவர் ரொட்டிக்குள் இருந்த வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துப் புல்லில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் மேட்டுல ஏற மாட்டான்," என்றார். "இங்க ஒரு வழக்கம் உண்டு. நம்ம ஆளுங்க படுத்திருக்கிற பக்கத்த நாம வெட்டுறதில்ல. என் வீட்டுக்காரி கேரலைன் கீழ, ஓடைப் பக்கம். அங்க நான் போறதில்ல, பாஸ்தான் பாக்குறான். மேட்டுல ஏழாவது வரிசைல அவன் தம்பி."

"யாரு வச்ச வழக்கம்?"

"யாரும் வைக்கல. மெல்வின் அவங்க அம்மாவ அடக்கம் பண்ணின வருஷம், அந்த வரிசைல பாதி போயிட்டு, மெஷின அணைச்சிட்டு, டிரக்ல போய் உக்காந்துட்டாரு. மீதிய நாங்க போய் வெட்டினோம். அதுல இருந்து அப்படித்தான்." அவர் ரொட்டியை மூடினார். "நீ தேறலன்னு வையி, மேட்டுக்கு ஆள் கிடையாது. அப்புறம் அவன்தான் ஏறணும். அவனும் பாவம் உன்னப் பாத்துட்டுதான் நிக்கிறான்."

அன்று பிற்பகல் ஏழாவது வரிசையில் நிறுத்திப் படித்தாள். ட்ராய் ஸ்டாலர். இருபத்தி மூன்று வயது. சாம்பல் நிறச் சின்னக் கல், கீழே அகலமான அடிப்பீடம். ட்ராயை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. போதை மாத்திரைகள் அந்த ஊர்ப் பிள்ளைகளை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போன வருடங்களில் போனவன். ஆனால் அவளுக்குள் இருந்தவன் எட்டு வயதுப் பையன். வெள்ளிக்கிழமைகளில் பெரிய தட்டில் சுட்டுச் சதுரம் சதுரமாக வெட்டும் பீட்சாவில், பரிமாறும் மேடைக் கண்ணாடிக்கு மேல் எம்பி, "மிஸ் ரோண்டா, ஓரத் துண்டு" என்பான். மொறுமொறுப்பான மூலை ஓரம் ஒரு தட்டுக்கு நான்குதான் வரும். அவனுக்காக ஒன்றைத் தள்ளி வைத்திருப்பாள். அண்ணன் அவனுக்குப் பின்னால் நிற்பான். அண்ணன்காரன் எதைக் கேட்டான், என்ன சாப்பிட்டான் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

வீட்டில் மாலை வேளைகளில் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் கையை வைத்துக்கொண்டு வெய்னின் பக்கத்தில் உட்காருவாள். தொலைக்காட்சியில் யாரோ வீடு வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

"அந்த மேடு எப்படி இருக்கு?" என்றார் வெய்ன்.

"மேடாத்தான் இருக்கு."

"என்னைய அங்கதான் போடுவாங்க. பக்கத்துல வந்து சத்தம் போடாத, தூங்கணும்."

"உன் வரிசைய நான் வெட்டக் கூடாதாம். வழக்கம்."

"நல்லதாப் போச்சு," என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நெடுநேரம் ஆனது. அவள் ஈரக் கையாலேயே முதுகைத் தடவினாள். மூன்று விரல்களுக்கு அவர் முதுகு தெரியவில்லை.

சமையலறைக் கதவின் குமிழில் வெய்ன் ரப்பர் பட்டைகளைச் சேர்த்து வைத்திருந்தார். ப்ரோக்கலிக் கட்டைச் சுற்றி வருமே, அந்தத் தடித்த நீல நிறப் பட்டைகள். ஒருநாள் உதவும் என்பார், எதற்கென்று சொன்னதில்லை. அவள் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வரும்போது குமிழைத் திருப்பினாள். விரலில் ஒன்று சிக்கியது. அதை இழுத்துப் பார்த்தாள். நன்றாக இறுகியது.

மேட்டின் உச்சியில் ஒரு தேவதாரு மரம் உண்டு. அதற்குப் பின்னால் நின்றால் கீழேயிருந்து தெரியாது. மறுநாள் அங்கே நிறுத்தி, வலது பக்கத்துப் பட்டையையும் கைப்பிடியையும் சேர்த்து நீல ரப்பரை இரண்டு சுற்றுச் சுற்றினாள். உள்ளங்கைக்கு வேலை இல்லாமல் போனது. ஆள்காட்டி விரல் மட்டும் லீவரில். கை மரக்கவில்லை. மரத்தாலும் தாமதமாக, தாங்குகிற அளவுக்கு. கீழே இறங்கும் முன் மரத்தின் பின்னால் நிறுத்தி அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டாள். அந்த வாரம் மேட்டை நான்கு மணி நேரத்தில் முடித்தாள். கீழேயிருந்து ஷேன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். பதிலுக்கு அவளும் தூக்கினாள். தூக்கிய விரலில் உணர்ச்சி இருந்தது. அதற்காகவே அழலாம்போல் இருந்தது, ஆனால் களைப்பில் அதற்கும் தெம்பில்லை.

கடைசி வாரம் செவ்வாயும் புதனும் வியாழனும் மழை. வெள்ளிக்கிழமை வெயில் வந்தபோது புல் கணுக்கால் தாண்டியிருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முன்னாள் சிப்பாய்களின் சங்கத்தார் வந்து கற்களுக்கு முன்னால் சின்னக் கொடிகளை நடுவார்கள். திங்களன்று ஊரே வரும், மடக்கு நாற்காலியோடு, பூத்தொட்டியோடு. மேடு அன்றே முடிய வேண்டும். ஈரம் காயக் காத்திருந்து பதினொன்றுக்குத்தான் ஏறினாள். நீளமான புல்லில் எஞ்சின் திணறியது. அடியில் அப்பிக்கொண்ட பசையைக் குச்சியால் சுரண்ட இருமுறை நிறுத்த வேண்டியிருந்தது. ஒன்றரை மணிக்கு ஆறு வரிசைதான் முடிந்திருந்தது. கீழே ஷேன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் சட்டைப் பையைத் தொடுவதுமாக நின்றான்.

ஏழாவது வரிசைக்கு மேல் திரும்பி வரும் நடையில்தான் அது நடந்தது. கீழ் வரிசைக் கற்கள் இடப்பக்கம், மேட்டுப் பக்கம் வலது கை. அவள் பாதிக்கு மேல் வந்துவிட்டாள். நிழலில் காயாமல் கிடந்த, அவளே முன்பு கக்கவிட்ட புல் குவியல் ஒன்றில் கால் வைத்தாள். பூட்ஸ் வழுக்கியது. பயமாகக்கூட இல்லை. முழங்கால் தரையில் இடித்தது, விரல்கள் விரிந்தன. பழைய விரல்கள், அடுப்படி விரல்கள். இரண்டு கையும் விட்டுப் போயின.

எஞ்சின் சாகவில்லை.

விட்டால் ஓடும் என்பதன் அர்த்தத்தை அவள் அப்போதுதான் முழுதாகப் பார்த்தாள். யாரும் பிடிக்காத இயந்திரம், அவசரம் ஏதுமின்றி, பின்னால் ஒருத்தி நடந்து வருகிறாள் என்ற நினைப்பில் போவதுபோல் பத்தடி நேராகப் போனது. பிறகு மூக்கைப் பள்ளத்துக்குத் திருப்பியது. முன் சக்கரங்கள் ட்ராயின் சாம்பல் நிறக் கல்லின் இரு பக்கமும் போக, இரும்புத் தட்டின் விளிம்பு அடிப்பீடத்தில் மோதியது. பல்லைக் கடிக்கிற ஒரு சத்தம். பின் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன, புல்லைக் கிழித்து, மண்ணைக் கிழித்து.

எழுந்து ஓடினாள். எஞ்சின் சாவி கண்ணில் படவில்லை, நீல ரப்பர்தான் பட்டது. முதலில் அதை மறைக்க வேண்டும் என்று தோன்றியது என்பதைப் பின்னாளில் தன்னிடம்கூட ஒப்புக்கொள்ள அவளுக்கு நாளாகும். பிய்த்தாள். மரத்த விரல்கள் ரப்பரின் மேல் வழுக்கி வழுக்கி வந்தன. அப்போது அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு சாவியைத் திருப்பியது.

அமைதி வந்த பிறகுதான் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. ஷேன் ஓடி வந்திருந்தான். மேட்டில், ஏழாவது வரிசை வரைக்கும். கீழே ரூடியின் கருவியும் நின்றுவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

ஷேன் கல்லைப் பார்க்கவில்லை. ரப்பரைப் பார்த்தான்.

"எப்போல இருந்து?"

"போன வாரம்."

"கையா?"

"கை." பிறகு, "மூணு வெரலு. ரொம்ப வருஷமா," என்றாள்.

அவன் பையிலிருந்த சிறு கத்தியை எடுத்தான். அறுக்கப் போனவன், என்ன நினைத்தானோ, கத்தியை மடக்கிவிட்டு ரப்பரை விரலாலேயே சுற்றுச் சுற்றாக அவிழ்த்தான். அவிழ்த்ததை எறிய இடம் தேடிச் சுற்றும் முற்றும் பார்த்தான். கடைசியில் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டான். இருவருமாக இயந்திரத்தைப் பின்னால் இழுத்தார்கள். அடிப்பீடத்தின் ஒரு மூலை, கட்டை விரல் அளவுக்குப் பெயர்ந்து போயிருந்தது. உள்ளே கல் வெள்ளையாக, ஈரமில்லாமல், அன்று காலைதான் செய்ததுபோல் இருந்தது. சக்கரம் கிழித்த இடத்தில் பிறைபோல் இரண்டு மண் கீறல்கள்.

"ஷேன், நான்..."

"இருங்க."

அவன் மண்டியிட்டுப் பெயர்ந்த துண்டைப் புல்லுக்குள் தேடினான். கிடைத்தது. மூலையில் வைத்துப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது, கையை எடுத்ததும் விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது. அதன்பின் அதைச் சட்டைப் பையில், தாள் இருந்த அதே பையில் போட்டுக்கொண்டு கல்லை ஒட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டான். எழுத்துகளுக்குள் ஒட்டியிருந்த புல் துணுக்குகளை நகத்தால் எடுத்தான். முதல் எழுத்து முடிந்து இரண்டாவதுக்குப் போனான்.

"ஆறு வருஷமா வரல," என்றான், கல்லைப் பார்த்தே. "அம்மா கேப்பாங்க, தம்பி எடம் எப்படி இருக்குன்னு. சுத்தமா இருக்குன்னு சொல்லுவேன். கீழ இருந்து பாத்தா எல்லாம் சுத்தமாத்தான் தெரியுது."

அவளுக்குச் சொல்ல இருந்ததெல்லாம் தன்னைப் பற்றியது.

"இவனுக்கு நீங்க ஓரத் துண்டுதான் குடுப்பீங்க," என்றான் ஷேன். "எனக்கு நடுவுல உள்ளது. கொழகொழன்னு இருக்கும்."

"நீ கேக்கவே இல்லியேப்பா."

"கேக்கலாம்னு தெரியாது."

கீழே ரூடி தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு டிரக்கின் மறுபக்கம் போனார். ஷேன் சட்டைப் பையைத் தொட்டான். கல் துண்டின் கனத்தில் பை தொங்கியது.

"என்ன மணி?" என்றான்.

அவள் பார்த்தாள். "ஒண்ணு அம்பது."

"நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. இந்த வரிசைய முடிங்க. அப்புறம் எட்டு, ஒம்போது." அவன் எழுந்திருக்கவில்லை. "கை மரத்தா விட்டுடுங்க. அணைஞ்சுபோகும். திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. பத்து தடவ அணைஞ்சாலும் பரவால்ல."

"நீ எந்திரிச்சு..."

"நான் இங்க இருக்கேன். என்னைய சுத்திப் போங்க."

இயந்திரத்தை வரிசையின் தொடக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கயிற்றை இழுத்தாள், எடுக்கவில்லை. இரண்டாவது இழுப்பில் எடுத்தது. பட்டையை உள்ளங்கையால் அமுக்கினாள். ரப்பர் இல்லாத பட்டை முதல் நாளைப்போலவே குளிர்ச்சியாக, விரோதமாக இருந்தது. லீவர்களை விட்டாள், நடந்தாள். நான்கு கற்கள் தாண்டியதும் விரல்கள் கொதிக்கத் தொடங்கின, ஐந்தாவதில் அவை போய்விட்டன. கையை விட்டாள், எஞ்சின் செத்தது. கையை உதறினாள். எத்தனை நிமிடம் ஆனது என்று பார்க்கவில்லை. மறுபடி இழுத்தாள். மறுபடி நடந்தாள். இன்னொரு முறை அணைந்தது. சங்கத்துக் கிழவர்கள் யாரோ முன்கூட்டியே கொண்டுவந்து வைத்த கொடிக் கட்டு ஒன்று கீழே வாசல் தூணில் சாய்ந்து கிடந்தது.

அவனுக்கு ஆறடி இருக்கும்போது வலது லீவரை இறுக்க வேண்டியிருந்தது. அந்தக் கைதான். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. முழங்கையிலிருந்து, தோளிலிருந்து, எங்கிருந்து முடியுமோ அங்கிருந்து இறுக்கினாள். இறுகியதா என்று விரல் சொல்லவில்லை, சக்கரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். இயந்திரம் யோசித்தது. பிறகு மூக்கை மேட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, கல்லும் அவனும் இடப்பக்கம் இருக்க, மெல்ல வளைந்து போனது. வெட்டுண்ட புல் வலப்பக்கமாக, மேட்டை நோக்கி, அவன்மேல் ஒரு துணுக்கும் படாமல் பறந்தது. அவன் தலை நிமிரவில்லை. மணிக்கட்டின் நீல ரப்பரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

வரிசையின் முடிவில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். மேடெங்கும் பச்சைப் பட்டைகள் குறுக்கே கிடக்க, ஓர் இடத்தில் மட்டும் ஒரு கோடு நெளிந்து விலகி, மறுபடி சேர்ந்துகொண்டது. அந்த நெளிவுக்குள் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெட்டாத புல், மழையில் வளர்ந்து, மஞ்சள் பூக்களோடு, அவன் கால்களைச் சுற்றிக் காற்றில் அசைந்துகொண்டிருந்தது.